நூல் துணியில் ஜெபம்

ராசா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனைப் பாதியில் வைத்துவிட்டாய். "கிளாஸ் இருக்கும்மா" என்றாய். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கல்லூரியில் வகுப்பு நடக்கிறது என்று நான் கேட்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது. மிச்சத்தை எழுதியே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு மட்டும் எழுதினால் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்துபோவாய். அதனால் நம் சபைப் பத்திரிகைக்கே கொடுத்துவிட்டேன். இப்போதிருக்கிற போதகர் சின்ன வயதுக்காரர். படித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, வாத்தியார் பேரை மட்டும் எடுத்துருவோமா? வயசானவரு" என்றார். எடுத்துவிட்டேன். இனி வருகிற இடமெல்லாம் வாத்தியார் என்றுதான் இருக்கும். யார் என்று ஊருக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிக்கிற ஆள் அவர். படிக்கட்டும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு நான் வாசித்ததெல்லாம் வேதப்புத்தகம்தான். அதனால் என் எழுத்தில் அதன் வாடை அடிக்கும். நீ பௌதிகம் படித்து, கோயம்புத்தூரில் பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக்கொடுக்கிறவன். உன்னோடு வாதாடி ஜெயிக்க நான் எழுதவில்லை. ஆனால் எனக்கு ஒன்று உண்டு. நடந்தது எதுவும் எனக்கு மறப்பதில்லை. நீ எதையெதை மறந்துவிட்டுப் பேசுகிறாய் என்பது எனக்கு நன்றாகத் தெரிகிறது.

விஷயம் இதுதான். கோயில் பந்தலில் ஊரே சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகை வருகிறதே, அதற்குப் பேராயர் வருகிறார். தங்கள் விசுவாசத்தைத் தாங்களே நின்று அறிக்கையிடுகிற நம் சபைப் பிள்ளைகளுக்குத் தலையில் கை வைத்துத் திடப்படுத்தல் கொடுக்கப் போகிறார். உன் மகள் எஸ்தர் அதற்கு ஆசைப்படுகிறாள். நீ வேண்டாம் என்கிறாய். போனில் நீ சொன்னது சொல் மாறாமல் என் காதில் இருக்கிறது. "உலகத்துக்கு எத்தனை கோடி வயசுன்னு காலையில போர்டுல எழுதிப் போடுறேம்மா. அங்க வந்து ஆறு நாள்ல உண்டாச்சுன்னு எம் மகளை நின்னு சொல்லச் சொல்றியா? ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும். நானும் வரல, அவளும் வரல." அப்புறம்தான் அந்த இல்லாத கிளாஸ் வந்தது.

ரெண்டில் ஒன்றுதான் இருக்க முடியும் என்று உனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது விஞ்ஞானம் என்று நினைக்கிறாயா? கிடையாது. வாத்தியார்தான் சொல்லிக்கொடுத்தார்.

உனக்கு அப்போது டிராயரில் நாடா போட்ட வயசு. ஓய்வுநாள் பள்ளியில் வாத்தியார் சிருஷ்டிப்பின் கதையை நடத்திக்கொண்டிருந்தார். நீ எழுந்து, "சார், சூரியனை நாலாவது நாள்தான படைச்சாரு? அப்ப மொத மூணு நாளும் எப்படி சார் விடிஞ்சது?" என்று கேட்டாய். நல்ல கேள்வி. எனக்கே அதுவரை தோன்றாத கேள்வி. அவருக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாயும் வரவில்லை. "ஆண்டவரையே கேள்வி கேக்கியா? போலே வெளிய!" என்று வேப்பமரத்தடியில் நிற்க வைத்துவிட்டார். அன்றைக்கும் அசனப் பண்டிகைதான். உள்ளே ஆராதனை தொடங்கி, கோயில் முழுக்கப் புது உடுப்பு. வெளியே நீ மட்டும் நிற்கிறாய், மூக்கில் ஒழுகுகிறது. பந்தலில் கறிக்குழம்பு கொதிக்கிற வாசம்.

உன் அப்பா ஆண்கள் பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தார். அவர் பாட்டு உனக்குத் தெரியும். ராகம் ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார். சன்னல் வழியாக உன்னைப் பார்த்ததும் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எல்லாரையும் விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். பெண்கள் பக்கத்துக் கடைசி சன்னலில் நான் நின்றதால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"என்னலே இங்கன நிக்க?"

நீ கேள்வியைச் சொன்னாய். அவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், உன்னைச் சமாளிக்க இல்லை.

"எனக்கும் தெரியலையேலே" என்றார். "தெரியாதவுகள்லாம் வெளிய நிக்கணும்னா நானும் நிக்கேன், தள்ளி நில்லு."

அப்படியே உன் பக்கத்தில் நிழலில் நின்றுகொண்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டை மரத்தடியிலிருந்தே பாடினார். உள்ளே சிரிப்புச் சத்தம். சமையல்காரர் பார்த்துவிட்டு, "வெளிய நிக்கிறவுகளுக்கு மொதப் பந்தி" என்று உங்கள் இருவருக்கும் இலை போட்டார். வாத்தியாருக்கு முன்னாலேயே நீங்கள் சாப்பிட்டு முடித்தீர்கள். அது எனக்கு இன்றைக்கும் வயிறு நிறைகிற விஷயம். ஆனால் அதற்குப் பிறகு வந்த எத்தனையோ அசனங்களில் வாத்தியார் கரண்டியோடு பந்திக்கு வரும்போதெல்லாம் நான் இலையை மூடிவிடுவேன். அவர் கையால் ஒரு பருக்கை என் இலையில் விழுந்ததில்லை. இனியும் விழாது. மன்னிப்பைப் பற்றி எனக்குப் பிரசங்கம் பண்ண வருகிறவர்கள் வரலாம், நான் கேட்டுக்கொள்வேன். இலை மட்டும் மூடியிருக்கும்.

அடுத்ததைச் சொல்ல எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

நீ கல்லூரியில் சேர்ந்த மறு வருஷம், தீபாவளி சீசனில் உன் அப்பா போனார். அச்சங்குளம் பக்கம் பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிற அறை வெடித்தது. அவரோடு இன்னும் இரண்டு பேர். அடக்க ஆராதனையில் போதகர் ஜெபித்து முடித்ததும் வாத்தியார் தானாகவே எழுந்து ஒரு ஜெபம் செய்தார். ஆண்டவரே, இந்த வீட்டில் ஜெபக்குறைவு இருந்திருக்குமானால் அதை மன்னியும் என்றார். பெட்டியின் தலைமாட்டில் நீ நின்றிருந்தாய். உன் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். அந்த வாரமே நீ விடுதிக்குத் திரும்பிப் போனாய். பிறகு கோயில் வாசல் மிதிக்கவில்லை.

நான் மிதித்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சொல் எனக்குள் புகுந்து குடைந்தது. அன்று காலை அவர் கிளம்பும்போது வண்டி வந்து ஹாரன் அடித்துவிட்டது. நாங்கள் எப்போதும் வாசலில் நின்று சொல்கிற சின்ன ஜெபத்தைச் சொல்லவில்லை. "வந்து சேத்துச் சொல்லிக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஓடினார். அதற்காகவா? ஒரு நிமிஷ ஜெபத்துக்காகவா? அப்படியென்றால் நான் கும்பிடுகிறவர் யார்? வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடுகிற மனுஷனைப் பின்னாலிருந்து எரிக்கிறவரா? இதை யாரிடமும் கேட்க முடியவில்லை. என்னோடு வேலை செய்த ஏழாயிரம்பண்ணை மாரியக்காவிடம்தான் கேட்டேன். அவள் இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுக்கிறவள். "அடி போடி, எங்காத்தாளுக்கே அம்புட்டுக் கோவம் வராது, ஒங்க சாமிக்கு என்ன வந்துச்சு" என்று அதட்டினாள். அதட்டலில் ஆறுதல் இருந்தது. பதில் இல்லை.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். வெடிமருந்தைப் பற்றிப் படித்த மனுஷர். குடும்பத்துக்காரர்களிடம் ஏதோ கேட்கவேண்டும் என்று வரச் சொல்லியிருந்தார்கள். நானும் மாரியக்காவும் போனோம். சுவர் இருந்த இடத்தில் அவர் குத்தவைத்து உட்கார்ந்து, மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி முடித்துவிட்டு, நான் கேட்டேன். "ஐயா, ஜெபம் பண்ணாமப் போனதாலயா?"

மாரியக்கா என் கையைக் கிள்ளினாள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று பொறுமையாகச் சொன்னார். "இல்லம்மா. முந்தின நாள் மிஞ்சின மருந்தை அன்னைக்கே அழிக்கணும். ஆர்டர் நெருக்கடியில வச்சுட்டாங்க. ராத்திரி மழை. அலுமினியப் பவுடர் கலந்த மருந்துல ஈரம் ஏறினா உள்ளுக்குள்ளயே சூடு கட்டும். வெளிய பார்த்தாத் தெரியாது. காலையில யார் கை பட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்."

"ஜெபம் பண்ணின கையா இருந்தாலுமா?"

"எந்தக் கையா இருந்தாலும்தாம்மா."

ராசா, அன்றைக்குத்தான் எனக்கு ஆண்டவர் திரும்பக் கிடைத்தார். இதை நான் இதுவரை உனக்குச் சரியாகச் சொன்னதில்லை, இப்போது கேள். வாத்தியார் கடவுள் பேரில் ஒரு கொலைப் பழியைப் போட்டிருந்தார். அதைத் துடைத்தது ஜெபக்கூட்டம் இல்லை, அந்த அதிகாரி படித்த படிப்பு. ஈரத்துக்கும் பவுடருக்கும் ஒரு குணம் இருக்கிறது, அது கோயிலுக்குப் போகிறவனையும் போகாதவனையும் பார்த்து மாறாது என்று அவர் சொன்னபோது, என் நெஞ்சில் இருந்த அம்மிக்கல் இறங்கியது. பழியை அது சேரவேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். மிஞ்சிய மருந்தை வைக்கச் சொன்ன மேனேஜர் இருக்கிறாரே, அவர் தலையில். இன்னும் அங்கேதான் இருக்கிறது. வெயிலும் மழையும் நீதிமானுக்கும் அநீதிமானுக்கும் ஒன்றுபோல வரும் என்று சுவிசேஷத்தில் சின்ன வயதிலிருந்து படித்திருக்கிறேன். மருந்துக்கும் அதுதான் சட்டம் என்று அந்த மண்ணில் நின்றுதான் விளங்கியது. அன்றிரவு வீட்டுக்கு வந்து, வந்து சேர்த்துச் சொல்லிக்கொள்வோம் என்று அவர் விட்டுப்போன ஜெபத்தை நான் சொன்னேன்.

அதிகாரி சொன்னதை உனக்குப் போனில் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "பாத்தியா? சாமியும் இல்ல, தண்டனையும் இல்ல. வெறும் ஈரமும் பவுடரும்தான்" என்றாய். ஒரே பேச்சைக் கேட்டு நான் கோயிலுக்குள் வந்தேன், நீ வெளியே போனாய். எனக்கு அப்போது எதிர்த்துச் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும். தண்டனை இல்லை என்றாயே, அது சரி. தண்டிக்கிற அந்தச் சாமியைத்தான் நீ இல்லை என்றாய். அது வாத்தியாருடைய சாமி. நானும் அந்தச் சாமியை அன்றைக்கே விட்டுவிட்டேன். உன் அப்பா மரத்தடியில் நின்று பாடினாரே, அவர் பாடியது வேறு ஒருவரைப் பார்த்து.

அப்புறம் அந்தத் துணி. இதைத்தான் நீ தப்பாக ஞாபகம் வைத்திருக்கிறாய். "அந்தத் துணியோட எல்லாம் விட்டுப்போச்சும்மா" என்று உன் மனைவியிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடமும் சொல்லியிருக்கிறாய். நடந்தது அப்படி இல்லை. நான் அங்கே இருந்தவள்.

உன் அப்பா போன பிறகு நானும் மாரியக்காவும் வேறொரு ஆலைக்கு மருந்து அடைக்கப் போனோம். ஊர் முழுக்கப் பயம். வண்டியில் ஏறும்போது ஆளாளுக்கு ஒரு சாமியைக் கூப்பிடுவோம். அந்த நேரம் பார்த்து வாத்தியார் எங்கோ ஒரு பெரிய கூட்டத்துக்குப் போய்வந்து, ஜெபத் துணி என்று கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார். வெள்ளை வெளேரென்று பளபளப்பாக, ஓரத்தில் சிலுவை அச்சடித்தது. இதைத் தலையில் கட்டிக்கொண்டு மருந்து அறைக்குப் போனால் தீ அண்டாது என்றார். எனக்கு அவர் கையால் வாங்க இஷ்டமில்லை. வேறு ஒருத்தியை விட்டு வாங்கினேன். நானும் பயந்துதான் இருந்தேன். மாரியக்காகூட ஒன்று வாங்கிவிட்டாள். "ஆத்தா குங்குமம் நெத்தியில, ஒங்க ஐயா துணி தலையில. எவுக காப்பாத்துனாலும் சரி" என்றாள். போர்மேனுக்குத் தெரியாமல் கொண்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டு போனோம். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் இறங்க வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், நூல் சேலைதான் உடுத்தவேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். நைலான் சேலையோடு ஒருத்தி வந்தால் நாங்களே திருப்பி அனுப்புவோம். ஆனால் ஜெபத் துணி என்றதும் அது எதில் நெய்தது என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. சேலைக்குத்தான் சட்டம், ஜெபத்துக்கு ஏது சட்டம் என்று இருந்துவிட்டோம்.

நீ பங்குனி லீவுக்கு வந்திருந்தாய். காலையில் நான் அந்தத் துணியைக் கொண்டையில் சுற்றுவதைப் பார்த்துவிட்டாய்.

"என்னம்மா இது?"

"ஜெபத் துணிடா."

"ஜெபம் இருக்கட்டும். துணி எது? இங்க குடு."

தொட்டுப் பார்த்தாய். "நைலான்" என்றாய். கதவையும் சன்னலையும் சாத்தி அறையை இருட்டாக்கிவிட்டு, என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, துணியை என் தலையில் போட்டு நாலு தரம் பரபரவென்று தேய்த்துச் சட்டென்று இழுத்தாய். சடசடவென்று சத்தம். என் நரைமுடி எழுந்து துணியின் பின்னாலேயே வந்தது. நீலமாகச் சின்னச் சின்னப் பொறி. நான் பார்த்தேன். உன் அப்பாவை நினைத்தேன்.

"இதையா தலையில வச்சுக்கிட்டு மருந்துக்கு நடுவுல உக்காந்திருக்கீக எல்லாரும்?" என்றாய்.

மாரியக்கா அப்போதுதான் வண்டிக்குப் போகக் கூப்பிடக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள். இருட்டில் பொறியைப் பார்த்துவிட்டு, கொண்டையிலிருந்த துணியைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தாள். "ஏலே ராசா, நல்லவேளைடா. உங்க வாத்தியாரு எங்களைக் கூண்டோட பரலோகத்துக்கு அனுப்பப் பாத்தாராலே!" நீ சிரித்துவிட்டாய். அப்பா போன பிறகு நீ சிரித்தது அன்றைக்குத்தான்.

இதுவரை உனக்கும் ஞாபகம் இருக்கிறது. இதற்குப் பிறகு நடந்ததை வசதியாக மறந்துவிட்டாய். நான் சொன்னேன், "அப்ப ஒண்ணும் வேண்டாம், வெறுந்தலையோட போறேன்" என்று. என் குரல் எப்படி இருந்ததோ தெரியவில்லை. பிறகு நீயாகப் போய்ப் பெட்டியைத் திறந்து, அப்பா கோயிலுக்குக் கட்டுகிற நூல் வேட்டியை எடுத்து, பாதியைக் கிழித்துத் தலைத்துணி அளவுக்குத் துண்டு போட்டாய். எனக்கு, மாரியக்காவுக்கு, என் அறையில் இருந்த மற்ற பெண்களுக்கு. போட்டுவிட்டு என்ன சொன்னாய்? "நூல் துணிக்கு ஜெபம் ஏறாதாம்மா? போதகர்ட்ட குடுத்து இதுக்கு ஜெபம் பண்ணித் தரச் சொல்லு." சொன்னது நீ. நான் இல்லை, போதகர் இல்லை, நீ. கோயிலை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த நீ.

அந்தத் துண்டுகளை எடுத்துக்கொண்டு பழைய போதகரிடம் போனேன். வாத்தியாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். "விசுவாசம் இல்லாதவ பேச்சு இது. துணி எதுல நெய்தா ஆண்டவருக்கு என்ன?" என்றார். நான் சொன்னேன், "ஆண்டவருக்கு ஒண்ணுமில்ல வாத்தியாரே. மருந்துக்குத்தான் வித்தியாசம் தெரியும். அந்த மருந்துக்கும் குணத்தைக் குடுத்தது அவருதான, அவரு குடுத்த குணத்தை அவரு பேரைச் சொல்லியே மீறச் சொல்றீகளே?" போதகர் துணியை வாங்கிப் பலிபீடத்தின்மேல் வைத்தார். ஜெபம் செய்துவிட்டு, அடுத்த ஞாயிறு அறிவிப்பிலேயே ஜெபத் துணியை யாரும் ஆலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சொன்னார். வேலையை விடுகிறவரை உன் அப்பாவின் வேட்டித் துண்டுதான் என் தலையில் இருந்தது. வாசலில் செம்புத் தகட்டைத் தொடுவேன். தொட்ட கை எடுக்காமல் ஒரு வார்த்தை ஜெபம் சொல்லுவேன். தகட்டை நம்பாமல் ஜெபித்ததும் இல்லை. ஜெபித்துவிட்டோமே என்று தகட்டைத் தாண்டிப் போனதும் இல்லை. ரெண்டும் சேர்ந்துதான் எனக்கு வாசல்.

இப்போது அந்த ஆறு நாளுக்கு வருகிறேன். நான் என்றைக்குப் பிறந்தேன் என்று உனக்குத் தெரியுமா? ஆதாரில் ஒரு தேதி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று யாரோ மனசுக்குத் தோன்றியதைப் போட்டது. என் அம்மாவிடம் கேட்டால், "மூணு வருசம் மழையில்லாமக் கெடந்து, கம்மாய் நெறைஞ்ச அன்னைக்கு நீ பொறந்த. ஊரே கரையில நின்னு குலவை போட்டுச்சு" என்பாள். ஊர் போட்ட குலவை கம்மாய்க்குத்தான் என்பது எனக்கும் தெரியும். அம்மாவுக்கு அது எனக்குப் போட்டது. தேதி வேண்டுமென்றால் உன்னைப் போலப் படித்தவர்களிடம் வருவேன். எலும்பைப் பார்த்தோ பல்லைப் பார்த்தோ சொல்லுங்கள், அப்படியே நம்புகிறேன். நான் பிறந்ததில் யாருக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை அறிய அம்மாவிடம்தான் போகவேண்டும். வேதத்தின் முதல் பக்கத்தை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். ஒவ்வொரு நாள் முடிவிலும் பார்த்து, நல்லது என்று சொல்லிக்கொள்கிறாரே, பிள்ளை பெற்றவள் பேச்சு அது. அதில் போய்க் கடிகாரத்தைத் தேடிய வாத்தியாருக்கு வாசிக்கத் தெரியவில்லை. அவர் தேடினார் என்பதற்காக நீயும் அங்கே கடிகாரத்தைத் தேடி, இல்லையென்றதும் புத்தகத்தை மூடிவிட்டாய். உலகத்துக்குக் கோடி கோடி வயசு என்று நீ போர்டில் எழுதுவதைக் கேட்டால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அவ்வளவு காலம் பொறுத்திருந்து நம்மைப் படைத்திருக்கிறார் என்றால், அவசரத்தில் ஒரு ஜெபத்தை விட்டவர்மேல் கோபப்படுகிற ஆள் அவர் இல்லை.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ போனை வைத்த அன்று சாயங்காலம் எஸ்தர் எனக்குத் தனியாகப் போன் போட்டாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினாள். தண்ணீர்ச் சத்தம் எனக்குக் கேட்டது. "அப்பத்தா, மூணு நாள் சூரியன் இல்லாம எப்படி விடிஞ்சிருக்கும்?" என்றாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அதே கேள்வி. "உங்கப்பாகிட்டக் கேக்க வேண்டியதுதானத்தா" என்றேன். "கேட்டேன் அப்பத்தா. மூளை இருக்கறவ கேக்கற கேள்வியா இது, போய்ப் படின்னு ரூமை விட்டு அனுப்பிட்டாரு" என்றாள்.

ராசா, அவளை எங்கே நிற்க வைத்தாய் என்று உனக்குத் தெரிகிறதா? உன்னை ஒரு மனுஷர் கேள்வி கேட்டதற்காகக் கோயிலுக்கு வெளியே நிறுத்தினார். நீ உன் மகளை அதே கேள்விக்காக உன் அறைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறாய். வாத்தியாருக்கு ஒரே வாரிசு நீயாகப் போய்விடாதே, என்னால் தாங்க முடியாது.

ஆண்டவரை நம்புகிறேன் என்று சொல்லச் சொல்லி நான் உன்னைக் கேட்கவில்லை. ஆராதனையில் உனக்கு வாய் வருகிறதைச் சொல், வராததைச் சொல்லாதே. உலகம் எப்போது உண்டானது என்று பேராயர் யாரிடமும் கேட்கப்போவதில்லை. அவளும் அதற்குப் பதில் சொல்ல அங்கே நிற்கவில்லை. அவள் கேள்வியை இங்குள்ள போதகரிடம் நானே கொண்டுபோனேன். "எனக்குத் தெரியலம்மா, அவங்க வரட்டும், உக்காந்து பேசுவோம்" என்றார். தெரியலை என்கிற அந்தச் சொல்லை நம் கோயிலுக்குள் வைத்துக் கேட்க எனக்கு இவ்வளவு வயசாகிவிட்டது. உன் அப்பாவுக்கும் தெரியவில்லை. தெரியாமலேயே உனக்காக வெளியே வந்து நின்றார். நீ உன் மகளுக்காக உள்ளே வந்து நிற்கக் கூடாதா?

வேட்டியின் மற்றப் பாதி பெட்டியில் அப்படியே இருந்தது, கரையோடு. திடப்படுத்தல் அன்று போட மற்றப் பிள்ளைகள் எல்லாம் கடையில் விற்கிற பளபளப்பு வலையில் முக்காடு வாங்கியிருக்கிறார்கள். எஸ்தருக்கு இதில்தான். துவைத்து, நீலம் போட்டு, கையாலேயே ஓரம் அடித்து வைத்திருக்கிறேன். உனக்குச் சந்தேகம் இருந்தால் வந்து, சன்னலைச் சாத்திக்கொண்டு என் தலையில் உரசி இழுத்துப் பார். ஒரு சத்தம் வராது. பார்த்துவிட்டு, பண்டிகை அன்று உன் கையாலேயே அவள் தலையில் போட்டுவிடு. வாத்தியார் முன்வரிசையில்தான் உட்காருவார். அவருக்குத் தெரிகிற மாதிரி நின்று போடு.

அம்மா